கொலையுண்டவர்கள் வந்திருந்த வீடு

நகுலேஸ்வரி தன்னுடைய டொச்சைத் திருத்துவதற்காகக் கொலைக்கதை வாசிக்கத் தொடங்கிய மாரிகாலத்தில், கதைக்குள் கொலையுண்ட ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்து அவளுடைய வீட்டு ஹோலில் இருக்கத் தொடங்கினார்கள். டொச் என்றால் ஜேர்மன் பாஷைதான், அங்கே போய்க் குடியேறிய எங்கள் சனம் அதை அப்படித்தான் சொல்லும். முதலில் வந்தது ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட ஒரு பெண்பிள்ளை, அனெட்டெ என்று பெயர். ஒரு மத்தியானம் நகுலேஸ்வரி பருப்பை அடுப்பில் போட்டுவிட்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டி, அந்தப் பிள்ளையின் உடலைப் பாலத்துக்குக் கீழே நாணலுக்குள் கண்டெடுத்த இடத்தை வாசித்து முடித்த கையோடு கதவு மணி அடித்தது. திறந்தால், தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு அனெட்டெ நிற்கிறாள். தன்னை ஆர் தள்ளினது என்று தனக்குத் தெரியாது, தெரிகிற வரைக்கும் உள்ளே இருக்கலாமோ என்று கேட்கிறாள். நகுலேஸ்வரி ஒரு துவாயை எடுத்துக் கொடுத்தாள், கதிரையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டாள், பிறகு பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்ததால் குசினிக்குள் ஓடினாள்.

பின்னேரம் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த அவளுடைய புருசன் தில்லையம்பலம், கதிரையில் நனைந்தபடி இருந்த பிள்ளையைப் பார்த்தார், பெண்சாதியைப் பார்த்தார், சப்பாத்தைக் கழற்றினார்.

"இஞ்சாருங்கோ, இது புத்தகத்தில செத்த பிள்ளை. கொலைகாரன் ஆரெண்டு தெரிஞ்சா எழும்பிப் போயிடுமாம்."

"எத்தினையாம் பக்கத்தில நிக்கிறாய்?"

"இப்பதான் துவக்கம்."

"அப்ப இருக்கிற மீன் காணாது," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

நகுலேஸ்வரி கொலைக்கதை வாசித்தது ஆசைக்கு இல்லை. விடியக் கருக்கலில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிறது அவளுடைய வேலை. வயதுபோனவர்களைப் பராமரிக்கிற இல்லத்தில் வேலை பழக வேண்டும் என்று அவளுக்கு விருப்பம், அதற்கு மொழிச் சோதனை பாஸ்பண்ண வேண்டும், அந்தச் சோதனையில் அவள் ஏற்கெனவே தவறியிருந்தாள். மொழி வகுப்பில் படிப்பித்த பெண்தான், காதல் கதை வாசித்தால் நடுவில் நித்திரை வரும், கொலைக்கதையில் நித்திரை வராது, செய்தது ஆரென்று அறிகிற வரைக்கும் சொல்லுக்குச் சொல் இழுபட்டுப் போவாய் என்று சொல்லிக்கொடுத்தவள். தெருமுனையில் ஒரு பழைய டெலிபோன் கூண்டு நின்றது, சனங்கள் தாங்கள் வாசித்து முடித்த புத்தகங்களை அதற்குள் கொண்டுவந்து வைப்பார்கள், விரும்பினவர்கள் எடுத்துப் போவார்கள். அதற்குள்ளிருந்துதான் நகுலேஸ்வரி தன்னுடைய செத்தவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

அந்தத் தொடர்மாடியில் எங்கள் சனம்தான் பாதி. ஒரு கிழமைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முதலில் எழும்பின கேள்வி துடக்கு, சாவுத்தீட்டு, உண்டோ இல்லையோ என்பதுதான். கோயில் ஐயரைத் தொலைபேசியில் கேட்டார்கள், அவர் கனநேரம் யோசித்துவிட்டு, உரித்துக்காரருக்குத்தான் துடக்கு, இவர்கள் வேற்றாட்கள், முழுகிவிட்டுக் கோயிலுக்கு வரலாம் என்று சொன்னார். அதற்குப் பிறகு சனம் தயக்கத்தை விட்டுவிட்டது. சோதனைக்குப் படிக்கிறவர்கள் கொப்பியோடு வந்து செத்தவர்களோடு கதைத்துப் பழகினார்கள், ஏனென்றால் உயிரோடு இருக்கிற ஜேர்மன்காரருக்கு நின்று கதைக்க நேரம் இல்லை, செத்தவர்களுக்கு நேரம் கிடந்தது. பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை அனெட்டெ பார்த்துக்கொடுத்தாள், தண்ணீர் சொட்டிக் கொப்பி நனையாமல் கையைத் தூரப்பிடித்துக்கொண்டு. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டர் மேலே வந்து எட்டிப் பார்த்து, ஆட்கள் கூடியிருக்கிறார்கள் போலத் தெரிகிறது, செத்தவரோ உயிரோடு இருக்கிறவரோ குப்பையைத் தரம் பிரித்துத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நகுலேஸ்வரியின் டொச்சும் ஏறத்தான் செய்தது. ஆனால் அது ஏறின விதம் வேறு. தில்லையம்பலத்துக்கு நாரிப்பிடிப்பு வந்து இடுப்பை அசைக்க ஏலாமல் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, "இந்த ஆண் காலை ஆறு மணியளவில் அசைவற்ற நிலையில் கண்டெடுக்கப்பட்டார்" என்று அவள் சுத்தமான டொச்சில் சொல்ல, டாக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அனெட்டெயைக் கொன்றவன் அவளுடைய மச்சான் என்று கடைசிப் பக்கத்தில் தெரியவந்தபோது, பிள்ளை எழும்பி, துவாயை மடித்து வைத்துவிட்டுப் புறப்பட்டது. நகுலேஸ்வரி வாசல் வரைக்கும் போய், "போட்டு வா பிள்ளை" என்று வழியனுப்பினாள். செவ்வாய்க்கிழமை அனெட்டெ திரும்ப வந்து நின்றாள், முதன்முதல் வந்த அதே ஈரத்தோடு.

மூன்றாம் மாடியில் செல்லக்கண்டு அக்கா என்று ஒருத்தி இருந்தாள், இரண்டு நாட்டுப் பொலிஸையும் வாயால் வென்றவள். விசயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியில் கையை வைத்தாள். "உனக்கு விசரோ நகுலா? செத்த வீட்டில ஆராவது போட்டு வாறன், போட்டு வா எண்டு சொல்லுறதே? சொல்லாமப் போறதும், சொல்லாம விடுறதும்தானே முறை. நீ வரச்சொன்னாய், அது வந்திருக்கு. பாவம், பிள்ளையில பிழையில்லை." அன்றைக்கு வீட்டிலிருந்த எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, அனெட்டெ போனாள், பிறகு வரவில்லை.

வந்தவர்களில் இன்னொருவர் நஞ்சூட்டப்பட்ட ஒரு வங்கிக்காரர். ஊரில் கணக்குப் படிப்பித்த குகதாசன் மாஸ்டர் இரண்டாம் மாடியில் இருந்தார், அவருக்கு எதையும் குறுக்கால செய்ய வேண்டும். அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கொலைகாரியின் பெயரைப் படித்து வங்கிக்காரரின் முகத்துக்கு நேரே சொன்னார். வழி தெரியாமல் வந்த பெயர் அந்த மனிதனுக்கு வெறும் சத்தமாகத்தான் இருந்தது. அவருக்குள் இருந்த நஞ்சு முதலிலிருந்து திரும்பத் தொடங்கியது, மூன்று நாள் வாந்தியெடுத்தார், நகுலேஸ்வரி வாளியோடு நின்றாள். அதற்குப் பிறகு ஒருத்தரும் கடைசிப் பக்கத்தைத் தொடுவதில்லை, பக்கம் பக்கமாகத்தான் போவது என்று ஆகிவிட்டது.

இப்படி எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்திருந்த வேளையில்தான் ஹெர் ரீடல் வந்தார்.

அது தடித்த புத்தகம், கறுப்பு மட்டை, கூண்டுக்குள் அடித்தட்டில் கிடந்தது. ஹெர் ரீடல், திருவாளர் ரீடல், மருந்துக்கடை வைத்திருந்து ஓய்ந்த மனிதர், தன்னுடைய வீட்டுக் குசினியில் பின்பக்கத்தால் அடிபட்டுச் செத்தவர். வீட்டுக்குப் போடுகிற கம்பளி மேற்சட்டையோடு வந்தார், பின்னந்தலையில் காய்ந்த இரத்தத்துக்காக மன்னிப்புக் கேட்டார், யன்னலோரக் கதிரையில் இருந்தார். அவர் நல்ல மனிதர். தில்லையம்பலத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போனது, ஊரில் விளையாடுகிற முந்நூற்றிநாலு என்ற கடுதாசிச் சீட்டு விளையாட்டை இவர் சொல்லிக்கொடுக்க, அவர் ஒரு கிழமைக்குள் பழகி மாஸ்டரைத் தோற்கடித்தார். "பின்னால ஆர் வந்ததெண்டு அந்தாளுக்குத் தெரியேல்லை, ஆனா என்ர கையில என்ன கடுதாசி கிடக்கெண்டு தெரியுது," என்று மாஸ்டர் முறைப்பட்டார்.

புத்தகத்தின் நடுவுக்குக் கிட்ட வந்தபோது நகுலேஸ்வரி அந்தப் பெண்ணைக் கண்டாள். ஹெர் ரீடல் இருந்த கட்டடத்தின் படிகளைக் கூட்டித் துடைக்கிற பெண். எங்கேயோ தூர நாட்டிலிருந்து வந்தவள், சாம்பல்நிறக் கோட்டு, குனிந்த தலை. கொலை நடந்த அன்று படியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், திறந்திருந்த கதவு நீக்கலால் ஒரு ஆண் ஹெர் ரீடலின் குசினியில் கைகழுவிக்கொண்டு நின்றதைக் கண்டாள். கண்டவள் வாளியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் மேல்மாடிக்கு ஏறிவிட்டாள். பொலிஸ் வந்து கேட்டபோது ஒன்றும் காணவில்லை என்றாள். அவன் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறவன். எந்த வீட்டுக்காரன் என்று புத்தகம் இன்னும் சொல்லவில்லை. அவள் தன்னைக் கண்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் சொன்னது. அவன் அவளை வெருட்டவில்லை. அன்றைக்குப் பிறகு, அவள் வாளியோடு வரும்போதெல்லாம், அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். மரியாதையாக. ஒவ்வொரு நாளும்.

அந்த அதிகாரம் முடிகிற இடத்தில் ஒரு வரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கிற கெல்லரில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று.

கெல்லர் என்பது கட்டடத்துக்கு அடியில் இருக்கிற நிலக்கீழ் அறை. எல்லாக் குடிகளுக்கும் பொதுவான சலவை மெசின்கள் அங்கேதான் நிற்கும். ஞாயிறு ஓய்வுநாள், அன்றைக்கு மெசின் போடக்கூடாது என்பது அந்த நாட்டுக் கட்டடங்களில் எழுதி ஒட்டியிருக்கிற சட்டம். நகுலேஸ்வரிக்கு அந்த வரியைப் படிக்க அகராதி தேவைப்படவில்லை. அவள் புத்தகத்தை மூடினாள், மூடிச் சீலைகளுக்குக் கீழே அலுமாரிக்குள் வைத்தாள். தான் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அந்தப் பெண் கெல்லருக்குள் இறங்குவாள். இறங்கினால் கதவு மணி அடிக்கும், தான் போய்த் திறக்க வேண்டும், சாம்பல்நிறக் கோட்டோடு அவள் நிற்பாள், அந்தக் கோட்டில் என்ன பட்டிருக்கும் என்று நினைக்க நகுலேஸ்வரிக்கு ஏலாமல் இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் தான் புத்தகத்தைத் திறக்கும்போதே செத்திருந்தவர்கள். இவள் உயிரோடு இருந்தாள்.

அவள் வாசிக்காமல் விட்டாள். சோதனை நெருங்கி வந்தது, வாசிக்கவில்லை. அப்போதுதான் வீடு குளிரத் தொடங்கியது. வெப்பமூட்டியைக் கூட்டிவைத்தும் யன்னலோரக் கதிரையிலிருந்து குளிர் எழும்பி ஹோல், குசினி, படிக்கட்டு என்று இறங்கி, கீழ்வீட்டுப் பிள்ளைகள் கம்பளித் தொப்பியோடு சாப்பிட்டார்கள். ஹெர் ரீடலின் தலையில் காய்ந்திருந்த இரத்தம் ஈரமானது. அவர் கைக்குட்டையை மடித்து மடித்து ஒற்றிக்கொண்டு, தான் காத்திருப்பேன், தனக்கு அவசரமில்லை என்று சொன்னார். கடுதாசியைச் சரியாகப் பிடிக்க ஏலாமல் அவருடைய விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

பிறகு அது வெளியிலும் வந்தது. ஒரு விடியற்காலை நகுலேஸ்வரி வாளியும் துடைப்பமுமாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழையப் போக, மண்ணிறக் கோட்டுப் போட்ட ஒரு ஆண் அவளுக்கு முன்னால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், "பிட்டெ" என்றான், தயவுசெய்து உள்ளே வாருங்கள் என்று. அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் வேறு ஒருத்தரும் இருப்பதில்லை. அவள் வாளியைப் போட்டுவிட்டு பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினாள், திரும்பிப் பார்த்தாள், அவன் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கிழமையே கடைவாசலில் செல்லக்கண்டு அக்காவுக்கும் ஒரு ஆள் கதவைப் பிடித்தான், தபாற்கந்தோரில் வேறொருத்திக்கும் பிடித்தான். முகத்தை வடிவாகச் சொல்ல ஒருத்தருக்கும் தெரியவில்லை. மரியாதையான முகம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பட்டினத்தில் மரியாதையான முகங்கள் ஏராளம். பல்வைத்தியருக்கு அந்த முகம், பஸ் சாரதிக்கு அந்த முகம், ஹவுஸ்மைஸ்டருக்குக்கூடச் சிலவேளை அந்த முகம். ஆராவது கதவைத் திறந்து பிடித்தால் எங்கள் சனம் நுழையாமல் நின்றது, மழையானாலும் நின்றது, பிடித்தவர் கைசலித்துப் போன பிறகு தாங்களே திறந்துகொண்டு போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலைமை ஆசிரியர் பிடித்த கதவால் போகமாட்டோம் என்று நின்றதால் பெற்றாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரணைக்குப் போன பெற்றாரும் வாசலில் நின்றுகொண்டார்கள்.

சனிக்கிழமை எல்லாரும் நகுலேஸ்வரியின் ஹோலில் கூடினார்கள், கோட்டுக் கழற்றாமல், குளிருக்கு ஒருத்தரோடு ஒருத்தர் ஒட்டிக்கொண்டு. மாஸ்டர்தான் தொடங்கினார்.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். அது அச்சடிச்ச புத்தகம். அச்சடிச்சதை உன்னால மாத்தேலாது. வாசிச்சு முடி. அந்தப் பொம்பிளையும் வருவா, ஒரு கிழமை இருப்பா, பிறகு ரெண்டு பேருமாச் சேந்து போவினம். இந்தக் குளிரும் விடும்."

"நான் வாசிச்சாத்தான் மாஸ்டர் அவ சாகிறா. நான் வாசிக்காட்டி இருக்கிறா."

"இருக்கிறாவோ?" என்று செல்லக்கண்டு அக்கா கேட்டாள். "நீ மூடிவைச்ச இடத்தில, அந்தப் படியில, கெல்லர்க் கதவைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. ஒரு மாசமா அதில நிக்கிறா. அதுவும் ஒரு இருப்பே நகுலா? உனக்கு அலுமாரிக்குள்ள சத்தம் கேக்கேல்லையோ?"

நகுலேஸ்வரிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

தில்லையம்பலம் மெல்லமாகச் சொன்னார், "அவ பொலிஸிட்டச் சொல்லியிருக்கலாம்."

ஹோலில் ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை. அவரும் சொல்லிவிட்டுத் தன்னுடைய கைகளைத்தான் பார்த்தார். கண்டதைச் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாத ஆள் அந்த ஹோலில் ஒருத்தரும் இல்லை. ஆளைப் பிடிக்க வெள்ளை வான் வந்துபோன ஒழுங்கையில் யன்னலைச் சாத்திவிட்டு விளக்கை அணைத்தவர்கள்தான் எல்லாரும், அப்படி அணைத்ததால்தான் எல்லாரும் இங்கே இருந்தார்கள்.

செல்லக்கண்டு அக்கா எழும்பினாள். "அவ தனியப் போறாவே, அதுதான் கரைச்சல். எங்கட ஊரில ஒரு வீட்டில பயமெண்டா என்ன செய்யிறனாங்கள்? பாயைச் சுருட்டிக்கொண்டு துணைக்குப் போறேல்லையோ? புருசன் இல்லாத வீடு, பிள்ளை பெத்த வீடு, ஆமி வந்துபோன வீடு, கேட்டே போறனாங்கள்? நாளைக்கு ஞாயிறு. கெல்லருக்குப் போவம்."

"எந்தக் கெல்லருக்கு?" என்று மாஸ்டர் கேட்டார். "அது புத்தகத்தில இருக்கிற கெல்லர்."

"எல்லாக் கெல்லரும் ஒண்டுதான் மாஸ்டர். ஒரே மணம். நீங்கள் ஒருக்காலும் உடுப்புத் தோய்க்க இறங்கினதில்லை, உங்களுக்கெங்க தெரியப்போகுது."

அடுத்தநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் இறங்கினார்கள். ஆண்கள் மேலே ஹெர் ரீடலுக்குப் பக்கத்தில் கடுதாசியோடு இருக்க, பெண்கள் பாயும் தலையணையும் தேத்தண்ணிப் போத்தலும் ஒரு சட்டி வடையுமாக, ஆளை ஆள் பிடித்துக்கொண்டு அந்தக் கொங்கிரீட் படியால் இறங்கினார்கள். வழியில் ஹவுஸ்மைஸ்டர் மறித்தார், ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக்கூடாது என்று. தோய்க்கவில்லை, வாசிக்கப் போகிறோம் என்று நகுலேஸ்வரி சொன்னாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார், வாசிக்கக்கூடாது என்று அதில் இல்லாததால் விலகி நின்றார். கதவை மட்டும் அவர் பிடிக்கவில்லை, அவருக்கும் இப்போது பழகியிருந்தது.

கெல்லரில் மெசின்கள் வாயைத் திறந்தபடி வரிசையாக நின்றன. சவர்க்கார மணமும் ஈரச்சுவர் மணமும். அங்கே வெளிச்சம் தானாக அணைகிற வெளிச்சம், பொத்தானை அமத்தினால் கொஞ்சநேரம் எரியும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் இருட்டாகும், ஆராவது எழும்பித் திரும்ப அமத்த வேண்டும். பெண்கள் சுவரோரம் பாயை விரித்து இருந்தார்கள், சிலபேர் கவிழ்த்த உடுப்புக் கூடைகளின்மேல் இருந்தார்கள். நகுலேஸ்வரி நடுவில் இருந்து புத்தகத்தைத் திறந்தாள். அவள் ஒரு வரி வாசிக்க மற்றவர்கள் அந்த வரியைத் திருப்பிச் சொன்னார்கள், கோயிலில் பதிகம் சொல்லிக்கொடுக்கிறது போல, விளங்கினவர்கள் விளங்கிச் சொன்னார்கள், விளங்காதவர்கள் நம்பிச் சொன்னார்கள். அவள் கூடையை எடுத்தாள், அவள் கூடையை எடுத்தாள். அவள் படியால் இறங்கினாள், அவள் படியால் இறங்கினாள். மேலே ஒரு கதவு திறந்தது, மேலே ஒரு கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால் அவன் இறங்கினான், மெதுவாக, ஒவ்வொரு படியிலும் பாதத்தை முழுதாக வைத்து. அந்த வரியைத் திருப்பிச் சொல்லப் பாதிப்பேருக்குத்தான் குரல் வந்தது, ஏனென்றால் பாதங்கள் இப்போது புத்தகத்தில் மட்டும் கேட்கவில்லை, தலைக்குமேலே படிக்கட்டிலும் கேட்டன, முன்னால் இலேசான இரண்டு பாதம், பின்னால் பாரமான இரண்டு பாதம்.

அப்போது வெளிச்சம் அணைந்தது. பொத்தான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருத்தரும் எழும்பவில்லை. இருட்டில் கெல்லர்க் கதவின் கைபிடி கீழே போகிற சத்தம் கேட்டது.

நகுலேஸ்வரிக்கு அடுத்த வரி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருட்டு விழுமுன் அவளுடைய கண் அதைத் தொட்டுவிட்டிருந்தது, தொட்ட வரியைச் சொல்லாமல் விட அவளால் ஏலவில்லை, நாக்கு தானாகவே சொன்னது. "கெல்லரில் ஒருவரும் இல்லை."

இந்த முறை ஒருத்தரும் திருப்பிச் சொல்லவில்லை. இருட்டுக்குள் செல்லக்கண்டு அக்காவின் குரல் மட்டும் வந்தது, தமிழில், சந்தையில் நிறுவைக்காரனுக்குச் சொல்கிற குரலில்.

"பொய். நாங்கள் இருக்கிறம்."

"ஓம், இருக்கிறம்," என்று ஒருத்தி சொன்னாள். "நானும் இருக்கிறன்," என்று இன்னொருத்தி. "இருக்கிறமெண்டு டொச்சில சொல்லு நகுலா, அவனுக்கு விளங்கட்டும்." நகுலேஸ்வரி சொன்னாள். புத்தகத்தில் இல்லாத வசனம் அது, ஒரு கொலைக்கதையிலும் அவள் அதைப் படித்ததில்லை, தன்னுடைய வாயால் தானே கட்டிய வசனம். அவள் சொல்லி முடிக்க வெளிச்சம் பற்றியது.

பொத்தானில் கைவைத்தபடி, மற்றக் கையில் உடுப்புக் கூடையோடு, சாம்பல்நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால் கதவைத் திறந்து பிடித்தபடி அவன். மண்ணிறக் கோட்டு. ஒரு கையில் தோல் கையுறை, மற்றக் கை கோட்டுப் பைக்குள். அவன் பாய்களைப் பார்த்தான், தேத்தண்ணிப் போத்தல்களைப் பார்த்தான், சுவரோரம் சுவரோரமாக இருந்த அத்தனை பெண்களையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நகுலேஸ்வரியின் முகத்துக்கு வந்தபோது கூடக் கொஞ்ச நேரம் நின்றான். "பிட்டெ," என்றான் அவன், வழமைபோல மரியாதையாக, பிடித்த கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து. எல்லாரும் வெளியே போகலாம் என்பது போல.

ஒருத்தரும் அசையவில்லை. செல்லக்கண்டு அக்கா தனக்குப் பக்கத்தில் பாயைத் தட்டினாள். "வாங்கோ பிள்ளை, இதில வந்து இருங்கோ. கூடையை அங்கால வையுங்கோ."

சாம்பல்நிறக் கோட்டுக்காரிக்குத் தமிழ் தெரியாது. அவள் வந்து இருந்தாள். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் இடம்விட்டு, இடம்விட்ட கையோடு நெருங்கி அடைத்துக்கொண்டார்கள். கதவு பாரமான இரும்புக் கதவு, கனநேரம் பிடித்தால் கை சலிக்கும். அவன் பிடித்திருந்தான். பிடித்திருந்தான். பிறகு விட்டான். கதவு தன்பாட்டில் மெல்ல மெல்ல வந்து சாத்திக்கொண்டது.

படியில் பாரமான பாதம் ஏறிப்போகிறது கேட்டது. தெருக்கதவு திறக்கிறது கேட்டது. அது மூடுகிற சத்தம் வரவில்லை. பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்திருந்தார்கள். வெளிச்சம் அணைந்தது, அமத்தினார்கள், திரும்ப அணைந்தது, திரும்ப அமத்தினார்கள். மூன்றாந்தரம் அணைந்த இருட்டுக்குள் தெருக்கதவு மூடியது.

ஆரோ தேத்தண்ணி வார்த்தார்கள். பாதி நிலத்தில் ஊற்றுண்டது. அந்தப் பெண் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரே மிடறில் குடித்தாள், சீனி போதாது என்பது போல உள்ளே பார்த்தாள், இன்னும் வார்த்தார்கள். பிறகு அவள் பேசத் தொடங்கினாள். அவளுடைய டொச் நகுலேஸ்வரியின் டொச்சைவிட மோசம். வினைச்சொல் ஒரு பக்கம் கிடந்தது, ஆள் ஒரு பக்கம் கிடந்தது. ஆனால் வாளியையும், நீக்கலையும், குழாயடியில் சிவந்து ஓடின தண்ணீரையும் நகுலேஸ்வரி ஒரு சொல்லும் தவறவிடாமல் விளங்கி, மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னாள். கடைசியாக அவள் அவனுடைய பெயரைச் சொன்னாள். முதல் மாடி, இடப்பக்கத்து வீடு, ஹெர் ரீடலுக்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கேக் கொண்டுவந்து கொடுக்கிறவன்.

மேலே அந்த நேரத்தில் ஹெர் ரீடல் கையில் நல்ல கடுதாசிகளோடு இருந்தாராம், இன்னும் ஒரு சுற்றில் வென்றிருப்பாராம். கடுதாசியை மேசையில் கவிழ்த்து வைத்தார், "அப்படியா, அவனா" என்று ஒருதரம் தனக்குள்ளே கேட்டார், மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பிப் போனார். ஆண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தில்லையம்பலம் மட்டும் அழுதார் என்று மாஸ்டர் பிறகு சொன்னார், மாஸ்டர் அழுததைத் தில்லையம்பலம் சொன்னார்.

கெல்லரில் இருந்த அந்தப் பெண் எழும்பிப் போகவில்லை. அவள் சாகாதவள், அவளுக்குப் போக வழி இல்லை. இனி எங்கே இருக்கப்போகிறாள், அவன் எந்தத் தெருவில் எந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நாளை விடிய வேலைக்கு எப்படிப் போவது என்பதெல்லாம் எல்லாருக்கும் மனதில் இருந்தது, ஒருத்தரும் கேட்கவில்லை. வடை சுற்றிவந்தது. அவள் இரண்டு எடுத்தாள். சாப்பிட்டு, விரலைக் கோட்டில் துடைத்துவிட்டு, நிமிர்ந்து, ஒருத்தரும் கேளாமல் தன்னுடைய பெயரைச் சொன்னாள்.

நகுலேஸ்வரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். முன்னால், பின்னால், எங்கேயும் அந்தப் பெயர் இல்லை. எழுதினவன் அவளுக்கென்று ஒரு பெயரும் வைக்கவில்லை.

அது நீண்ட பெயர். அவர்களுடைய வாய்க்குப் பழக்கமில்லாத சத்தம் ஒன்று அதன் நடுவில் இருந்தது. செல்லக்கண்டு அக்கா சொல்லிப் பார்த்தாள், பிழைத்தது. நகுலேஸ்வரி சொன்னாள், கிட்டப்போனது. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, வாயைக் காட்டி, திரும்ப மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். வெளிச்சம் அணைந்தது. இருட்டில் இருந்தபடியே எல்லாரும் சேர்ந்து இன்னொருதரம் சொன்னார்கள்.